18 பேர் உள்ள நிறுவனத்தில் சேரலாமா?

பெரிய நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர், 18 பேர் மட்டுமே உள்ள ஒரு நிறுவனத்திலிருந்து தமக்கு அழைப்பு வந்திருப்பதாகச் சொல்லி, இத்தகைய சிறிய இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு எது பிடிக்கிறது, எது பிடிக்காமல் போகிறது என்று கேட்டிருக்கிறார். சம்பளம் இப்போது வாங்குவதைவிடச் சற்றுக் குறைவு என்பதும், பதவியின் பெயர் பெரியது என்பதும், நேர்முகத்தின்போது முதலாளி மிகவும் அன்பாகப் பேசினார் என்பதும் அவர் தந்திருக்கும் விவரங்கள்.

எந்த அனுபவத்தை வைத்து இதைச் சொல்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒன்பது பேர் கொண்ட அலுவலகத்தில் ஐந்து ஆண்டுகள் ஊழியனாக இருந்தேன். அதன் பிறகு, தனியாக மனிதவளத் துறை வைத்துக்கொள்ள வசதியில்லாத நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கும் பணியாளர் கோப்புகளும் பார்த்துக் கொடுப்பதே என் தொழிலாகிவிட்டது. சேருகிறவரின் நியமனக் கடிதத்தைத் தயாரிப்பதும் நான்தான், விலகுகிறவரின் கணக்கை முடிப்பதும் நான்தான். கடைசி நாளன்று கையெழுத்துப் போட்ட பிறகு, எழுந்து போவதற்கு முன் பலரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுவார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை என்ற நிலையில் வருகிற பேச்சு அது. அதைக் கேட்டுக் கேட்டு நான் கவனித்தது இதுதான்: விலகும்போது எதைக் குறையாகச் சொல்கிறார்களோ, சேர்ந்த புதிதில் பெரும்பாலும் அதையேதான் நிறையாகச் சொல்லியிருப்பார்கள். "எதுன்னாலும் சார்கிட்ட நேராப் பேசிடலாம்" என்று முதல் ஆண்டில் சொன்னவரே, மூன்றாம் ஆண்டில் "எதுக்கெடுத்தாலும் சார்கிட்டதான் போய் நிக்கணும்" என்கிறார். இடைப்பட்ட காலத்தில் அலுவலகத்தில் எதுவும் மாறியிருக்காது.

காரணம் இதுதான். பெரிய நிறுவனத்தில் ஒரு விதிமுறை இருக்கும் இடத்தில், சிறிய நிறுவனத்தில் ஒரு மனிதர் இருக்கிறார். விடுப்பு, சம்பள உயர்வு, பதவி உயர்வு, பாராட்டு, கண்டிப்பு ஆகிய எல்லாமே ஓர் ஆளின் வாய்ச்சொல்லாக வந்து சேர்கின்றன. அந்த ஆள் நல்ல மனநிலையில் இருக்கும் நாளில் அதற்கு ஈடான வேலையிடம் வேறு இல்லை.

சிறியது என்றால் எத்தனை பேர் என்ற கேள்விக்குப் பல அளவுகோல்கள் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 50 பேருக்குக் குறைவாக இருந்தால் சிறிய நிறுவனம் என்றும், 10 பேருக்குக் குறைவாக இருந்தால் குறு நிறுவனம் என்றும் கொள்கிறது; பிரிட்டனில் 1971-இல் வெளியான போல்டன் குழு அறிக்கை, உற்பத்தித் தொழிலில் 200 பேர் வரை சிறியது என்றே வைத்துக்கொண்டது. ஊழியரின் கோணத்திலிருந்து பார்த்தால் எனக்கு வேறோர் அளவுகோல் பொருத்தமாகப் படுகிறது. இன்று நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்பது, யாரும் அறிக்கை அனுப்பாமலேயே முதலாளிக்குத் தெரியுமானால் அது சிறிய நிறுவனம். 18 பேர் உள்ள இடத்தில் நிச்சயம் தெரியும்.

பிடித்தவற்றில் முதலில் வருவது இந்தத் தெரிதல்தான். பெரிய நிறுவனத்திலிருந்து வருகிறவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. அங்கே ஆறு மாதம் உழைத்த ஒரு வேலை மூன்று துறைகளைத் தாண்டி எங்கோ கரைந்துவிடும். அது யாருக்குப் பயன்பட்டது, பயன்பட்டதா என்பதுகூடத் தெரியாது. இங்கே காலையில் நீங்கள் சரிசெய்த ஒரு தவறுக்காக மாலையில் வாடிக்கையாளரே தொலைபேசியில் நன்றி சொல்கிறார். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து அளந்து, 1913-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். ஆட்கள் கூடக்கூட, ஒவ்வொருவரும் தலைக்கு இழுக்கும் விசை குறைந்துகொண்டே போனது. 1974-இல் இதையே அமெரிக்காவில் திரும்பச் செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள்: கண்ணைக் கட்டி முன்னால் ஒருவரை நிறுத்திவிட்டு, அவருக்குப் பின்னால் நிற்பவர்களை இழுப்பதுபோல் நடிக்க மட்டும் செய்யச் சொன்னார்கள். பின்னால் ஆட்கள் இழுக்கிறார்கள் என்ற நினைப்பே முன்னால் நின்றவரின் விசையைக் குறைத்துவிட்டது. சோம்பல் என்று இதைச் சொல்வது நியாயமாகாது. தன் பங்கு கணக்கில் வராது என்று தோன்றும்போது உடம்பே தளர்ந்துகொள்கிறது. சிறிய நிறுவனத்தில் கயிற்றை மூன்று பேர்தான் பிடித்திருக்கிறார்கள். உங்கள் கை தளர்ந்தால் எல்லோருக்கும் தெரியும், நீங்கள் இழுத்தாலும் தெரியும். முதல் ஆண்டில் பலரும் தாமே வியக்கும் அளவுக்கு உழைப்பதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது வேலையின் அகலம். ஒன்பது பேர் அலுவலகத்தில் என்னைக் கணக்கு எழுதுவதற்காகத்தான் எடுத்தார்கள். இரண்டாம் வாரத்தில், விலைப்பட்டியல் அனுப்ப வேண்டியவர் வராததால் அதை நான் அனுப்பினேன். மூன்றாம் மாதத்தில் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முதலாளியோடு நானும் போனேன். ஓராண்டு முடிவதற்குள் புதிதாக வந்தவரை நேர்காணல் செய்யும் மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். 24 வயதில், பெரிய நிறுவனத்தில் இதில் ஒன்றுகூட என் கைக்கு வந்திருக்காது. ஒரு தொழில் எப்படி ஓடுகிறது, பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதை முழுதாகப் பார்த்தது அங்கேதான். பிற்காலத்தில் சொந்தமாகத் தொழில் தொடங்கியவர்களில் பலர் சிறிய நிறுவனத்தில் இருந்த ஆண்டுகளை நன்றியோடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நானும் அப்படிப் பேசுகிறவன்தான்.

முடிவுகளின் வேகமும் பிடித்துப்போகும். ஒரு மென்பொருள் வேண்டும் என்று கேட்க, பெரிய நிறுவனத்தில் படிவம், ஒப்புதல், மூன்று விலைப்புள்ளிகள், அடுத்த காலாண்டு என்று போகும். இங்கே முதலாளியின் அறைக் கதவைத் தட்டினால் பத்து நிமிடத்தில் ஆம் அல்லது இல்லை என்று பதில் வந்துவிடும். இல்லை என்று வந்தாலும் அது ஏன் என்பது அப்போதே தெரிந்துவிடுவதால், அந்த மறுப்புகூட அவ்வளவு கசப்பதில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பர்க்கும் அவருடைய குழுவினரும் பிட்ஸ்பர்க் பகுதியின் பொறியாளர்களும் கணக்காளர்களுமாக 203 பேரிடம், வேலையில் மிக மகிழ்ந்த தருணத்தையும் மிக வெறுத்த தருணத்தையும் சொல்லச் சொல்லிக் கேட்டு, 1959-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மகிழ்ச்சிக் கதைகளில் பெரும்பாலும் சாதனை, பாராட்டு, வேலையின் தன்மை, பொறுப்பு ஆகியவை வந்தன. வெறுப்புக் கதைகளில் நிறுவனக் கொள்கை, மேற்பார்வை, சம்பளம், பணிச் சூழல் ஆகியவை வந்தன. அந்த ஆய்வின் முறையைப் பற்றிப் பிற்காலத்தில் எழுந்த விமர்சனங்கள் ஏராளம். ஆயினும் நம் விஷயத்துக்கு அது அச்சில் வார்த்ததுபோல் பொருந்துகிறது: சிறிய நிறுவனம் முதல் பட்டியலில் உள்ளவற்றை அள்ளிக் கொடுக்கும், இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றில்தான் கை வைக்கும்.

சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். பொருளியலாளர் ஹென்றி லட்வெல் மூர் 1911-லேயே, இத்தாலிய ஜவுளி ஆலைகளில் பெண் தொழிலாளர்களின் கூலி ஆலையின் அளவோடு சேர்ந்து உயர்வதைக் கவனித்து எழுதினார். 1989-இல் சார்லஸ் பிரவுன், ஜேம்ஸ் மெடாஃப் என்ற இரு பொருளியலாளர்கள் இதற்கான காரணத்தைத் தேடி, ஊழியரின் திறமை, பணிச் சூழலின் கடுமை, தொழிற்சங்கம் வந்துவிடுமோ என்ற அச்சம் என ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் கழித்த பிறகும், பெரிய இடத்தில் கூடுதல் சம்பளம் என்ற இடைவெளியில் கணிசமான பகுதி மிச்சமிருந்தது. எனவே, உங்களுக்குச் சற்றுக் குறைவாகத் தந்திருக்கிறார்கள் என்றால் அது உங்கள் முதலாளியின் கஞ்சத்தனம் மட்டும் என்று எண்ண வேண்டாம். விதிவிலக்குகள் உண்டென்றாலும் இது உலகெங்கும் நெடுங்காலமாகக் காணப்படும் போக்கு.

ஆனால், சம்பளம் குறைவு என்று சொல்லி விலகியவர்களைவிட, சம்பளத் தேதி நிலையாக இல்லை என்று சொல்லி விலகியவர்களையே நான் மிகுதியாகப் பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய வாடிக்கையாளர் பணம் அனுப்பத் தாமதித்தால், பெரிய நிறுவனத்தில் அது நிதித்துறையின் தலைவலியோடு நின்றுவிடும். சிறிய நிறுவனத்தில் அது எல்லோருடைய வீட்டு வாடகையிலும் போய் முட்டும். மாதத்தின் முதல் நாள்களில் அத்தகைய அலுவலகத்துக்குள் நுழைந்தால் எனக்கே தெரிந்துவிடும்: பேச்சு குறைந்திருக்கும், கணக்காளரின் மேசை அருகே யாரேனும் ஒருவர் வேறு ஏதோ வேலை இருப்பதுபோல் நின்றுகொண்டிருப்பார், கணக்காளர் திரையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். முதலாளி தம் சொந்தச் சம்பளத்தை எடுக்காமல் இவர்களுக்குக் கொடுத்த மாதங்களும் உண்டு. அது ஊழியர்களுக்குத் தெரிவதில்லை. ஐந்து நாள் தாமதமாகும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பவர்கள், ஒன்றும் சொல்லாமல் அவர் அறைக்கதவு மூடியிருப்பதைப் பார்த்து அடுத்த வேலை தேட ஆரம்பிக்கிறார்கள்.

சட்டப் பாதுகாப்பில் உள்ள இடைவெளி பலருக்கும் விலகும்போதுதான் தெரியவருகிறது. தொழிலாளர் நலச் சட்டங்கள் பலவும் ஆள் எண்ணிக்கையில் ஒரு கோடு கிழித்துவிட்டு, அதற்குக் கீழே உள்ளவர்களை விட்டுவிடுகின்றன. அமெரிக்காவில் 1993-இல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் தனியார் துறையில் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்குத்தான் பொருந்துகிறது; அந்நாட்டின் 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தில் வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் பகுதிக்குக் கோடு 15 பேர். இந்தியாவில் வருங்கால வைப்பு நிதிக்கு 20 பேர், பணிக்கொடைக்கு 10 பேர் என்று வரம்புகள் உள்ளன. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க அலுவலகத்துக்குள்ளேயே குழு அமைக்க வேண்டும் என்ற 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் 10 பேருக்குக் குறைவான இடங்களின் புகார்களை மாவட்ட அளவிலான குழுவுக்கு அனுப்பிவிடுகிறது. சிறிய தொழில்களின் சுமையைக் குறைக்கும் நோக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. அந்தச் சுமை காணாமல் போய்விடவில்லை, ஊழியரின் தோளுக்கு மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நீங்கள் சேரும் இடத்தில் 18 பேர் என்றால், உங்கள் நாட்டில் எந்தக் கோடு எங்கே விழுகிறது என்று கையெழுத்திடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம்விட மனிதர்களை அன்றாடம் அரிப்பது விடுப்பு. பெரிய நிறுவனத்தில் விடுப்பு என்பது கணினியில் ஒரு கட்டம். மீதம் எத்தனை நாள் என்று காட்டும், விண்ணப்பித்தால் ஒப்புதல் வரும். சிறிய இடத்தில் விடுப்பு ஒரு முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய உதவியாகிவிடுகிறது. ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் ஒருமுறை நான் உட்கார்ந்திருந்தபோது நடந்தது இது. ஓர் ஊழியர் வந்து, அடுத்த வாரம் மூன்று நாள் வேண்டும் என்றார். முதலாளி மறுக்கவில்லை. "எடுத்துக்கோங்க. ஆனா அந்த டெலிவரி இருக்கே, அத யார் பாக்கறது?" என்று மட்டும் கேட்டார். உண்மையிலேயே பதில் தெரியாமல் கேட்ட கேள்விதான் அது. அவரிடம் வேறு ஆள் இல்லை. அந்தப் பெண் சிறிது நேரம் நின்றுவிட்டு, "சரி சார், ஒரு நாள் மட்டும் எடுத்துக்கறேன்" என்று சொல்லிப் போனார். இருவருமே தவறு செய்யவில்லை. ஆனால், எட்டு மாதம் கழித்து அவர் விலகியபோது அந்த இரண்டு நாள்களைப் பற்றித்தான் பேசினார். அவருக்கு உரிமையாக இருந்த விடுப்பு தீரவே இல்லை. கேட்கும் தெம்புதான் தீர்ந்துவிட்டது.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்ற வாசகத்தையும் இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். பல முதலாளிகள் இதை மனதாரவே சொல்கிறார்கள். ஊழியர் வீட்டில் ஒரு துயரம் என்றால் எந்தப் படிவமும் இல்லாமல் முன்பணம் கொடுக்கிறவர்களும் மருத்துவமனையில் இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கிறவர்களும் அவர்களேதான். ஆனால், குடும்பத்தில் கூடுதல் நேர வேலைக்குக் கணக்குக் கேட்கக் கூடாது, சம்பள உயர்வு கேட்டால் நன்றி மறந்தவராகிவிடுவோம், வேறு வேலைக்குப் போவது துரோகம் என்ற மறுபக்கமும் அந்த வாசகத்தோடேயே வந்துவிடுகிறது. என் ஒன்பது பேர் அலுவலகத்தை நான் விட்டபோது, ஐந்தாண்டுகள் என்னைத் தம்பி என்று அழைத்தவர், கடைசி ஒரு மாதம் என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அனுபவச் சான்றிதழ் வாங்க நான்கு முறை நடந்தேன். அவர் கெட்டவர் என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அவர் மனம் புண்பட்டிருந்தது. புண்பட்ட மனத்துக்கும் என் சான்றிதழுக்கும் இடையே நிற்க ஒரு மனிதவளத் துறை அங்கே இல்லை, அவ்வளவுதான். முதலாளியின் உண்மையான குடும்பத்தினரும் அதே அலுவலகத்தில் இருந்தால் நிலைமை இன்னும் சிக்கல்: அவர்களுக்கு மேலே ஒரு நாற்காலி உங்களுக்குக் கிடைக்காது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

போல்டன் குழு அறிக்கை, சிறிய நிறுவனங்களின் சூழல் ஊழியர்களுக்கு இணக்கமானது என்றும் அங்கே தொழில் தகராறுகள் குறைவு என்றும் கருதியது. அதைப் பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுப்பிய மறுப்பு நியாயமானது: வேலைநிறுத்தம் நடக்காததை வைத்து மனநிறைவு இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? 18 பேர் உள்ள இடத்தில் யாரும் கொடி பிடிப்பதில்லை. பிடிக்காதவர் சத்தமில்லாமல் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விடுகிறார்.

பதவி ஏணி இல்லாமையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. உங்களுக்கு மேலே முதலாளி மட்டும்தான் என்றால் ஏறுவதற்குப் படியில்லை என்பது வெளிப்படை. பெரிய பதவிப் பெயரைத் தருவதும் அதை ஈடுகட்டத்தான், அதில் மயங்க வேண்டாம். அதிகம் பேசப்படாத குறை ஒன்று உண்டு: உங்கள் துறையில் உங்களைவிடத் தெரிந்தவர் அங்கே யாரும் இருக்க மாட்டார். எதை எப்படிச் செய்தாலும் பாராட்டுவார்கள், ஏனெனில் திருத்தச் சொல்லத் தெரிந்த கண் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் தாமே கற்றுக்கொண்ட தவறான பழக்கங்களோடு வெளியே வந்து, அடுத்த நேர்முகத்தில் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன். தொழிலில் முதல் காலடி வைப்பவருக்கு இது பெரிய இழப்பு. ஆறு ஆண்டுகள் ஒழுங்கான இடத்தில் பழகிவிட்டு வருகிற உங்களுக்கு அவ்வளவாகப் பாதிக்காது.

நிறுவனம் வளர்ந்தால் இந்தக் குறைகள் தீருமா என்றால், தீரும். ஆனால் பிடித்தவையும் கூடவே போய்விடும். 12 பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளக்கூடிய இணைகள் 66. அந்த எண்ணிக்கையில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துகொண்டே இருக்கும். 40 பேர் ஆகும்போது இணைகள் 780 ஆகிவிடுகின்றன. இனி வாய்ச்சொல்லால் ஓட்ட முடியாது என்ற நிலை வந்து, படிவங்களும் வாராந்தரக் கூட்டங்களும் வெளியிலிருந்து ஒரு மேலாளரும் வந்து சேர்கிறார்கள். கதவைத் தட்டி உள்ளே போய்ப் பழகிய பழைய ஊழியர்கள், புதிய மேலாளர் மூலம் வரச் சொல்லப்படும் அந்த நாளில்தான் உண்மையாகவே மனம் உடைகிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நேர்முகத்தில் முதலாளி அன்பாகப் பேசியதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது உங்களைச் சேர்க்க விரும்பும் மனிதரின் அன்பு. அவர் மறுக்கும்போது எப்படி இருப்பார் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். கடைசியாக விலகியவர் யார், ஏன் விலகினார் என்று கேளுங்கள்; விலகியவரைப் பற்றி அவர் மரியாதையோடு பேசுகிறாரா என்பதில் பாதி விடை இருக்கிறது. கடந்த ஆறு மாதச் சம்பளம் எந்தத் தேதிகளில் வந்தது என்பதை, அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் தனியாகப் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். அப்படிப் பேச அனுமதி கேட்டாலே முகம் சுருங்குமானால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் இரண்டு வாரம் வர முடியாமல் போனால் உங்கள் வேலையை யார் பார்ப்பார் என்று கேளுங்கள். ஒரு பெயரைச் சொன்னால் நல்லது. அதைப் பற்றி யோசித்ததில்லை என்று ஒப்புக்கொண்டாலும் பரவாயில்லை. "அப்படியெல்லாம் வராது, நீங்க கவலைப்படாதீங்க" என்று சிரித்தால், அந்த இரண்டு வாரமும் மடிக்கணினியோடுதான் படுத்திருப்பீர்கள். விடுப்பு நாள்கள், முன்னறிவிப்புக் காலம், விலகும்போது எத்தனை நாளில் கணக்கு முடித்துச் சான்றிதழ் தருவார்கள் ஆகிய மூன்றையும் நியமனக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டவர்களுக்காக நான் பலமுறை அந்த வரிகளைச் சேர்த்திருக்கிறேன். ஒரு பத்திக்கு மேல் அது நீண்டதில்லை.